டெக் பலகைச் சந்து: கோளாறைப் பார்த்துக் காரணத்தைப் பிடிக்கும் வழி

மொட்டை மாடியிலோ தோட்டத்திலோ போட்ட டெக் (சட்டத்தின் மேல் பலகை பூட்டிய தளம்) ஒரே வருடத்தில் கெட்டுப்போனால் பழி மரத்தின் மேல் விழுகிறது. தேக்கு மட்டமானது என்பார்கள், டபிள்யூ.பி.சி. (மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்து செய்த பலகை) நம்ம ஊர் வெயிலைத் தாங்காது என்பார்கள். பல இடங்களில் பலகையில் ஒரு குறையும் இருக்காது. இரண்டு பலகைக்கு நடுவே விட்ட சந்துதான் தப்பாக இருக்கும்.

எத்தனை மி.மீ. சந்து விட வேண்டும் என்று கேட்டால் ஒரே எண்ணைச் சொல்லிவிட முடியாது. பலகையைப் பூட்டுகிற அன்று அது எவ்வளவு ஈரமாக இருக்கிறது, எவ்வளவு சூடாக இருக்கிறது என்பதை வைத்துத்தான் சந்தைக் கணக்கிட வேண்டும். காய்ந்த மரத்துக்கு 5 மி.மீ. சரியான அளவு. அதே 5 மி.மீ. சந்தைப் பச்சை மரத்துக்கு, அதாவது இன்னும் காயாத மரத்துக்கு, விட்டால் அடுத்த கோடையில் குழந்தையின் விரல் உள்ளே போகிற அளவுக்கு விரியும். கீழே வரும் வழிமுறைகள் எல்லாம் இந்தக் கணக்கிலிருந்தே பிறக்கின்றன.

முதலில் மூன்று கேள்வி

எதையும் கழற்றுவதற்கு முன் மூன்று விஷயங்களைத் தெரிந்துகொள்ளுங்கள்.

பலகை மரமா, டபிள்யூ.பி.சி.யா? மரம் ஈரத்தால் அகலவாக்கில் ஊதும், சுருங்கும். நீளவாக்கில் ஏறக்குறைய அசையாது. டபிள்யூ.பி.சி. சூட்டால் நீளவாக்கில் நீளும். அதன் அகலத்தில் வரும் மாற்றம் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது. எனவே மர டெக்கில் பக்கவாட்டுச் சந்தையும் டபிள்யூ.பி.சி. டெக்கில் நுனிச் சந்தையும் முதலில் பாருங்கள்.

எந்த மாதத்தில் போட்டது? சென்னையில் நவம்பர் மழையில் நனைந்து கிடந்த மரத்தைப் போட்டதற்கும், சித்திரை வெயிலில் காய்ந்து முறுகிய மரத்தைப் போட்டதற்கும் நேர் எதிரான விளைவுகள் வரும்.

கோளாறு எல்லாச் சந்திலும் இருக்கிறதா, சிலவற்றில் மட்டுமா? எல்லாவற்றிலும் ஒரே மாதிரி இருந்தால் ஈரமோ சூடோ காரணம். சிலவற்றில் மட்டும் என்றால் அளவெடுத்ததில், வளைந்த பலகையில், அல்லது பலகைகளை அடியில் தாங்கும் அடிச்சட்டத்தில் தேடுங்கள்.

கையில் இருக்க வேண்டியவை: எஃகு அளவுகோல், டேப், நூல், ரசமட்டம், சாக்பீஸ், புட்டி கத்தி, 3 மற்றும் 5 மி.மீ. தடிமனில் அக்ரிலிக் துண்டுகள். பெயர்ப்பலகை செய்கிற கடைகளில் அக்ரிலிக் கழிவு கிடைக்கும். டைல்ஸ் கடையில் விற்கும் பிளாஸ்டிக் சிலுவை ஸ்பேசர் டெக்குக்கு உதவாது. பலகையை நெருக்கும்போது நசுங்கிவிடும், கடைசியில் ஒவ்வொரு சந்தும் ஒவ்வொரு அளவில் நிற்கும்.

மழைக்காலத்தில் பலகைகள் ஒட்டிக்கொண்டு சந்தே தெரியவில்லை

அறிகுறிகள்: ஐப்பசி, கார்த்திகையில் பலகைகள் ஒன்றோடொன்று முட்டி நிற்கும். மேலே தண்ணீர் தேங்கும். ஓரப் பலகை கைப்பிடிச் சுவரை அழுத்தி, சாந்துப்பூச்சில் கீறல் விடும். நடந்தால் மடக் மடக்கென்று சத்தம் வரும். முற்றிப்போனால் ஸ்குரூ தலை அறுந்துபோகும், அல்லது பலகை அடிச்சட்டத்தை விட்டு எழும்பும்.

காரணம்: நன்றாகக் காய்ந்த பலகையைச் சந்து இல்லாமல், அல்லது 1, 2 மி.மீ. மட்டும் விட்டுப் போட்டிருக்கிறார்கள். அழகாக இருக்கும் என்று வீட்டுக்காரரே கேட்டு வாங்குவதும் உண்டு.

கணக்கைப் பாருங்கள். சாதாரணமாக அறுத்த தேக்குப் பலகையில் ஈரம் 1 சதவீதம் ஏறினால் 100 மி.மீ. அகலத்துக்குச் சுமார் 0.19 மி.மீ. ஊதும். பைன் சுமார் 0.26 மி.மீ. ஊதும். ஆண்டு வளையங்கள் பலகையின் முகத்துக்குச் செங்குத்தாக நிற்கும்படி அறுத்த தேக்கு என்றால் ஏறக்குறைய அதில் பாதிதான். இப்போது 140 மி.மீ. தேக்குப் பலகையை 10 சதவீத ஈரத்தில் பூட்டி, அது மழையில் 20 சதவீதத்துக்குப் போனால் ஒரு பலகை 2.6 மி.மீ. ஊதுகிறது. 20 பலகை என்றால் 52 மி.மீ. சந்தில் இடம் இல்லாவிட்டால் அந்த 52 மி.மீ. சுவரை, ஸ்குரூவை, அடிச்சட்டத்தைத் தள்ளும். பைன் என்றால் ஒரு பலகைக்கே 3.6 மி.மீ. காய்ந்த மரத்துக்கு 5 மி.மீ. சந்து என்பது இங்கிருந்துதான் வருகிறது. மழையில் ஊதிய பிறகும் தேக்கில் 2 மி.மீ.க்கு மேலும், பைனில் 1 மி.மீ.க்குச் சற்று மேலும் மிஞ்சும்.

சரிசெய்ய, மழை பெய்து ஓய்ந்த அன்றே முட்டியிருக்கும் சந்துகளைச் சாக்பீஸால் குறித்துவிடுங்கள். வெயில் வந்ததும் அவை கொஞ்சம் திறந்துகொள்ளும், பிறகு எது மோசம் என்று கண்டுபிடிக்க முடியாது. இரண்டு, மூன்று நாள் காய்ந்த பிறகு வேலையைத் தொடங்குங்கள். ஈரப் பலகையில் மின் அறுவை இயந்திரத்தை ஓட்டக்கூடாது.

முதலில் ஓரப் பலகையைக் கழற்றுங்கள். சுவருக்கும் அதற்கும் நடுவே 10 மி.மீ. இருக்கும்படி நீளவாக்கில் சீவிக் குறைத்துத் திரும்பப் பூட்டுங்கள். இது ஒன்றே சுவர் மேல் விழும் அழுத்தத்தை எடுத்துவிடும். சில டெக்குகளில் இதற்கு மேல் ஒன்றும் செய்ய வேண்டியிருக்காது.

நடுவில் முட்டிய சந்துகளுக்கு வட்ட அறுவை இயந்திரத்தை எடுங்கள். நேரான அலுமினியச் சட்டம் ஒன்றைப் பலகை மேல் கிளாம்ப் போட்டு வழிகாட்டியாக வைத்து, சந்தின் மேலேயே அறுத்துக்கொண்டு போங்கள். சாதாரண பிளேடு 2 முதல் 2.5 மி.மீ. எடுக்கும். பலகை ஊதிய நிலையில் எடுத்த 2.5 மி.மீ., கோடையில் தானாகவே 5 மி.மீ. ஆகும். அதனால் இரண்டாவது முறை ஓட்டாதீர்கள். பிளேடின் ஆழம் பலகைத் தடிமனைவிட 1 மி.மீ. குறைவாக இருக்கட்டும்: 25 மி.மீ. பலகைக்கு 24. மிச்சத்தைக் கை ரம்பத்தாலும் உளியாலும் எடுக்கலாம். அடிச்சட்டத்தில் வெட்டு விழுந்தால் அதில் தண்ணீர் நின்று சட்டம் மக்கும். அறுத்த பச்சை முகங்களுக்கு அன்றே மரப் பாதுகாப்பு எண்ணெயை மெல்லிய தூரிகையால் தடவிவிடுங்கள்.

அறுப்பதற்கு முன் ஒரு எச்சரிக்கை. பக்கவாட்டுப் பள்ளத்தில் கிளிப் வைத்துப் பூட்டிய பலகை என்றால் சந்துக்குள் எஃகு கிளிப் இருக்கிறது. அங்கே பிளேடை இறக்கக்கூடாது. ஓரத்திலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றித்தான் சரிசெய்ய முடியும்.

கோடையில் சந்து பெரிதாக விரிந்துவிட்டது

அறிகுறி: போட்டபோது 5 மி.மீ., ஆறு மாதத்தில் 9, 10 மி.மீ. நாற்காலிக் கால் சிக்குகிறது, குழந்தையின் விரல் மாட்டிக்கொள்கிறது, விழுந்த சாவி கீழே போய்விடுகிறது.

காரணம்: பச்சை மரம். அறுப்பு மில்லில் இருந்து நேராக வந்தது, அல்லது மருந்து ஏற்றிய பைன் காய்வதற்குள் தளத்துக்கு வந்தது. மரம் சுமார் 28, 30 சதவீத ஈரத்துக்குக் கீழே இறங்கும்போதுதான் சுருங்கத் தொடங்கும். அங்கிருந்து கடலோரத்துச் சராசரியான 14 சதவீதத்துக்கு வர, 140 மி.மீ. தேக்கு 4 மி.மீ.க்கு மேலும் பைன் 6 மி.மீ. அளவும் சுருங்கும். அதனால் பச்சைத் தேக்குக்கு 1 மி.மீ. போதும். நனைந்த பைனை ஒட்டியே பூட்ட வேண்டும். சந்து தானாக வரும். எல்லா மரத்துக்கும் 5 மி.மீ. என்று மனப்பாடமாக வைத்திருக்கும் ஆசாரி இந்த இடத்தில்தான் தவறுகிறார். அவர் மேல் குற்றமில்லை, மரம் எந்த நிலையில் வந்தது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

இந்தக் கோளாறுக்கு அவசரப்பட வேண்டாம். ஒரு மழையும் ஒரு கோடையும் கழியட்டும். அதற்கு முன் கழற்றிப் போட்டால் இன்னொரு முறையும் செய்ய வேண்டிவரும். ஒரு வருடத்துக்குப் பிறகு, ஆடி ஆவணி வாக்கில் அளந்து பாருங்கள். 8 மி.மீ. வரை இருந்தால் விட்டுவிடலாம், தண்ணீர் வடியவும் காற்று போகவும் நல்லது. அதற்கு மேல் என்றால் பலகைகளைக் கழற்றி நெருக்கிப் போட வேண்டும்.

அதில் ஒரு சிக்கல் உண்டு. பலகையை 4 மி.மீ. நகர்த்தினால் புது ஸ்குரூ அடிச்சட்டத்தின் பழைய துளைக்குள்ளேயே நழுவும், பிடி இருக்காது. முதல் சில பலகைகளுக்குத்தான் இந்தத் தொல்லை, பிறகு நகர்வு கூடிக்கொண்டே போய்ப் பழைய துளையை விட்டு விலகிவிடும். தொல்லை தரும் துளைகளில் அதே மரத்தில் சீவிய குச்சியை நீர் தாங்கும் பசையோடு அடித்து இறக்கி, காய்ந்த பின் பக்கத்தில் புதிதாகத் துளை போடுங்கள். கடைசியில் மிஞ்சும் இடத்துக்கு ஒரு கூடுதல் பலகை தேவைப்படும். முதல் தடவை மரம் வாங்கும்போதே அதே கட்டிலிருந்து இரண்டு பலகை அதிகம் வாங்கி நிழலில் வைத்திருப்பது இதற்காகத்தான்.

விரிந்த சந்தில் மெல்லிய ரீப்பரையோ சிலிக்கானையோ திணிப்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். தண்ணீர் உள்ளே சிறைப்பட்டு, பலகையின் விளிம்பிலிருந்து மக்கல் தொடங்கும். அடுத்த மழையில் பலகை ஊத இடமும் இருக்காது.

மரம் காய்ந்ததா என்று தெரிய முள் வைத்த ஈரமானி இருந்தால் நல்லது. பலகையின் நுனியில் குத்தாமல், நடுப்பகுதியில் குத்துங்கள். ஈரமானி இல்லாவிட்டால் சமையலறைத் தராசும் ஓவனும் போதும். பலகையின் நுனியிலிருந்து 30 செ.மீ. தள்ளி, 25 மி.மீ. நீளத்துக்கு ஒரு துண்டு அறுத்து உடனே எடை போடுங்கள். 100 முதல் 105 டிகிரி வரை சூட்டில், எடை மேற்கொண்டு குறையாத வரை உலர்த்துங்கள். 60 கிராம் இருந்தது 52 கிராம் ஆனால், குறைந்த 8 கிராமை 52-ஆல் வகுத்தால் சுமார் 15 சதவீத ஈரம். ஒரு பலகை வீணாகிறதே என்று பார்க்காதீர்கள், இந்த ஒரு துண்டு முழு டெக்கையும் காப்பாற்றும்.

டபிள்யூ.பி.சி. பலகைகள் நுனியில் முட்டி மேலே எழும்புகின்றன

மே மாத மதியத்தில் இரண்டு பலகை சேரும் இடம் கூடாரம் போல எழும்பும், மாலையில் இறங்கிவிடும். மறுநாள் மறுபடி. சில நாளில் கிளிப் ஸ்குரூ பிடுங்கிக்கொள்ளும்.

இந்தப் பொருள் நீளும் அளவு கம்பெனிக்குக் கம்பெனி மாறும். வாங்கிய கடையில் அந்த விவரத்தாளைக் கேட்டு வாங்குங்கள். நடுத்தரக் கணக்காக, 2.9 மீட்டர் பலகை ஒவ்வொரு 10 டிகிரிக்கும் 1 மி.மீ.க்குச் சற்று மேல் நீளும் என்று வைத்துக்கொள்ளலாம். கறுப்பு, அடர்பழுப்பு நிறப் பலகைகளின் முகம் கோடை மதியத்தில் 60 டிகிரியைத் தாண்டும், வெறுங்காலில் நிற்க முடியாது. மார்கழிக் காலையில் 25 டிகிரியில் போட்ட பலகை 65-க்குப் போனால் 40 டிகிரி வித்தியாசம், நீட்சி 4.6 மி.மீ. அதனால் குளிர்ந்த காலையில் போட்டால் நுனிச் சந்து 5, 6 மி.மீ. மதியச் சூட்டில் போட்டால் 2 மி.மீ. போதும், இரவில் அதுவே 5, 6 ஆகும். காலையில் பாதியும் மதியத்தில் பாதியும் போட்ட டெக்கில் நுனிச் சந்து வரிசைக்கு வரிசை வேறுபடுவது இதனால்தான். பலகைகளை முந்தின நாளே பிரித்து, போடுகிற இடத்தில் பரப்பி வைத்தால் எல்லாம் ஒரே சூட்டில் இருக்கும்.

சரிசெய்ய: முட்டுகிற இரண்டு பலகைகளில் ஒன்றைக் கழற்றி நுனியில் 5 மி.மீ. அறுங்கள். சூடான நேரத்தில் அறுத்தால் 2 மி.மீ. போதும். உள்ளே பொந்து இருக்கும் ரகம் என்றால் அறுத்த வாயில் மூடி போடுங்கள். சுவர் பக்க நுனியில் 10 மி.மீ. இருக்கிறதா என்று கூடவே பாருங்கள். ஒரு பக்கம் சுவரில் முட்டிய பலகை நீட்சி முழுவதையும் மறுபக்கமே தள்ளும்.

இதன் இரட்டைப் பிள்ளை இன்னொரு கோளாறு: ஒரு நுனியில் சந்து மூடி, மறுநுனியில் 10 மி.மீ. திறந்திருக்கும். பலகை ஊர்ந்துவிட்டது. கிளிப் பலகையை மேலெழாமல்தான் பிடிக்கிறது, நீளவாக்கில் நகராமல் பிடிப்பதில்லை. ஒவ்வொரு பலகையையும் ஒரே ஒரு இடத்தில், அதன் நீளத்தின் நடுவில், பூட்ட வேண்டும். மரக்கட்டை வைத்து ரப்பர் சுத்தியலால் தட்டிப் பலகையைப் பழைய இடத்துக்குக் கொண்டுவாருங்கள். நடு அடிச்சட்டத்தின் மேல், பள்ளத்தின் கீழ் உதட்டில் சாய்வாகத் துளை போட்டு ஒரு எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) ஸ்குரூவை இறக்குங்கள். நடுவில் பூட்டினால் நீட்சி இரண்டு பக்கமும் பாதிப் பாதியாகப் பிரியும். இரண்டு இடத்தில் பூட்டிவிடாதீர்கள், அவற்றுக்கு நடுவே பலகை வில்லாக வளையும்.

பக்கவாட்டுச் சந்து கிளிப்பின் அகலத்திலேயே அமைந்துவிடும். அது ஆடினால் கிளிப் எண்ணிக்கையைப் பாருங்கள். 140 மி.மீ. பலகை, 5 மி.மீ. சந்து, 300 மி.மீ.க்கு ஒரு அடிச்சட்டம் என்றால் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 23 கிளிப் வர வேண்டும். ஒரு சட்டம் விட்டு ஒரு சட்டத்தில் கிளிப் போட்டு மிச்சம் பிடித்த வேலைகளில் பலகை கடகடவென ஆடும்.

ஒரு முனையில் சந்து சரி, மறுமுனையில் விரிகிறது. கடைசிப் பலகை ஆப்பு வடிவம்

இது அளவின் பிழை. ஒவ்வொரு சந்திலும் அரை மி.மீ. பிசகினால் 20 பலகையில் 10 மி.மீ. பலகைகளும் எல்லாம் ஒரே அகலத்தில் வருவதில்லை. 138-ம் 142-ம் கலந்து வரும்.

பாதி வேலையில் கண்டுபிடித்தால் தப்பிக்கலாம். ஐந்து பலகைக்கு ஒருமுறை முதல் விளிம்பிலிருந்து இரண்டு முனையிலும் டேப் பிடித்துப் பாருங்கள். 140 பலகைக்கும் 5 சந்துக்கும் 725, 1450, 2175 என்று வர வேண்டும். இன்னும் நல்லது, தொடங்கும்போதே இரண்டு ஓர அடிச்சட்டங்களிலும் 145, 290, 435 என்று பென்சிலால் குறித்துவிடுவது. டேப்பை நகர்த்தாமல், ஒரே நுனியிலிருந்து எல்லாக் குறியையும் போட வேண்டும். ஒவ்வொரு குறியிலிருந்து அடுத்ததை அளந்தால் பிழையும் சேர்ந்துகொண்டே போகும்.

விலகல் 6 மி.மீ. என்றால் அடுத்த 6 பலகையில் ஒவ்வொன்றாக 1 மி.மீ. திருப்பிக்கொள்ளுங்கள். 5 இருக்க வேண்டிய இடத்தில் 4 இருப்பதைக் கண் கண்டுபிடிக்காது. ஒரே சந்தில் 6 மி.மீ.யைத் திருத்தினால் வாசலிலிருந்தே தெரியும்.

வேலை முடிந்த பிறகு தெரிந்தால் கடைசி 6, 8 பலகைகளைக் கழற்றி இதையே செய்ய வேண்டும். ஆனால் அதற்கு முன் கைப்பிடிச் சுவரே மூலைமட்டத்தில் இருக்கிறதா என்று 3-4-5 அடி வைத்துப் பாருங்கள்: மூலையிலிருந்து ஒரு சுவரில் 3 அடி, அடுத்த சுவரில் 4 அடி குறித்தால், குறிக்குக் குறி 5 அடி வர வேண்டும். நம் மாடிச் சுவர்கள் பல, மூலைக்கு மூலை ஓர் அங்குலம் கோணி நிற்கும். சுவர்தான் கோணல் என்றால் டெக்கைத் திருத்த வேண்டாம். கோணலை ஓரத்துச் சுவர்ச் சந்து விழுங்கட்டும், அல்லது ஓரத்தில் கூழாங்கல் பரப்பி மறைத்துவிடலாம்.

கடைசிப் பலகை 30, 40 மி.மீ. கீற்றாக வந்து உடைவதும் இதே கணக்குப் பிழையின் இன்னொரு முகம். சுவருக்குச் சுவர் 3000 மி.மீ. என்று வையுங்கள். இரண்டு பக்கமும் 10 விட்டால் 2980. அதில் 140 பலகை 20-ம் சந்து 19-ம் 2895 ஆகிறது, மிச்சம் 85. இன்னொரு சந்து போக 80 மி.மீ. கீற்று ஒன்று ஒரு ஓரத்தில் நிற்கும். சந்தைப் பெரிதாக்கி 20 பலகையில் முடிக்கப் பார்த்தால் ஒவ்வொன்றும் 9.5 மி.மீ. ஆகிவிடும். 21 முழுப் பலகையைத் திணித்தால் 2 மி.மீ. தான் மிஞ்சும். இரண்டும் ஆகாது. நடுவில் 19 முழுப் பலகை, இரண்டு ஓரத்திலும் 110 மி.மீ.க்குச் சீவிய பலகை ஒன்றொன்று, 20 சந்து: 2660, 220, 100, கூட்டினால் சரியாக 2980. பார்க்கவும் சமமாக இருக்கும். காகிதத்தில் ஐந்து நிமிட வேலை.

சந்து நடுவில் மட்டும் விரிந்து, இரண்டு நுனியில் சரியாக இருக்கிறது

பலகை வில்லாக வளைந்திருக்கிறது. பக்கத்தில் நூல் பிடித்தால் தெரியும். மூன்று மீட்டரில் 10 மி.மீ. வரை வளைசல் இருந்தால் நெருக்கி எடுத்துவிடலாம். அதற்கு மேல் என்றால் அந்தப் பலகையை இரண்டு, மூன்று துண்டாக அறுத்துப் படிக்கோ ஓரத்துக்கோ பயன்படுத்துங்கள். வம்படியாக நெருக்கிப் பூட்டினாலும் ஒரு மழைக்குப் பிறகு ஸ்குரூவை இழுத்துக்கொண்டு பழையபடி வளையும்.

நெருக்கும் முறை: ஒரு நுனியைப் பூட்டுங்கள். வளைவு இருக்கும் அடிச்சட்டத்தின் மேல் ஒரு மரக்கட்டையைத் தற்காலிகமாக ஸ்குரூ போட்டு நிறுத்தி, அதற்கும் பலகைக்கும் நடுவே எதிரெதிராக இரண்டு ஆப்பு அடியுங்கள். மறுபக்கச் சந்தில் 5 மி.மீ. அக்ரிலிக் துண்டு இருக்கட்டும். அது இறுகியதும் பூட்டிவிட்டு அடுத்த சட்டத்துக்குப் போங்கள். கடப்பாரையால் நெம்புவதைவிட இது மெதுவானது, ஆனால் பலகை விளிம்பு நசுங்காது. வளைவின் புடைப்பு ஏற்கெனவே போட்ட பலகையின் பக்கம் இருந்தால் நடுவைத் தள்ளத் தேவையில்லை, நுனிகளை மட்டும் இழுத்துவந்தால் போதும்.

பலகை ஓரங்கள் தூக்கிக்கொண்டு, நடுவில் பள்ளம்

சந்து அளவு சரியாக இருந்தும் கால் இடறுகிறது, பள்ளத்தில் தண்ணீர் நிற்கிறது. பலகையின் அடிமுகம் மேல்முகத்தைவிட ஈரமாக இருக்கிறது என்று அர்த்தம். அடிமுகம் ஊதுகிறது, மேல்முகம் வெயிலில் சுருங்குகிறது, ஓரங்கள் மேலே வருகின்றன.

அடியில் ஈரம் ஏன் போகவில்லை என்று பாருங்கள். மொட்டை மாடியில் வழக்கமான காரணம் அடிச்சட்டம் தண்ணீர் ஓட்டத்துக்குக் குறுக்கே கிடப்பது. தளத்தின் சரிவு வடிகால் துளையை நோக்கி இருக்கும். சட்டங்கள் அதே திசையில் ஓட வேண்டும். குறுக்கே போட்டுத்தான் ஆக வேண்டும் என்றால் உயரம் மாற்றக்கூடிய பிளாஸ்டிக் பீடங்களின் மேல் தூக்கி நிறுத்துங்கள். மாடித் தளத்தில் பதித்த தட்டு ஓட்டின் மேல் துளை போட்டு ஆங்கர் அடிக்கவே கூடாது, கீழ்வீட்டுக் கூரை ஒழுகும். சட்டத்தைச் சுற்றிலும் அடைத்துக் கட்டிய டெக்கில் காற்று நுழைய இரண்டு எதிர்ப் பக்கங்களிலாவது திறப்பு வேண்டும்.

அடுத்த காரணம், மேல்முகத்துக்கு மட்டும் எண்ணெயோ பாலிஷோ அடித்தது. பூட்டுவதற்கு முன்பே நான்கு முகத்துக்கும், முக்கியமாக அறுத்த நுனிகளுக்கும் அடித்திருக்க வேண்டும். மூன்றாவது, பலகை மெல்லியதாக இருப்பது. அகலம் தடிமனைப்போல் ஆறு மடங்குக்குள் இருந்தால் நல்லது: 140-க்கு 25 சரி, 150-க்கு 20 என்றால் குழி விழும். நான்காவது, சட்டத்துக்கு ஒரே ஸ்குரூ. ஒவ்வொரு சட்டத்திலும் இரண்டு வேண்டும், விளிம்பிலிருந்து 20, 25 மி.மீ. தள்ளி.

அடியில் காற்றோட்டம் வந்த பிறகு, குழி விழுந்த பலகையைக் கழற்றிக் கவிழ்த்துப் போடுங்கள். ஒரு பருவத்தில் தன்னால் தணியும். ஈரமாக இருக்கும்போதே இழைத்துச் சமமாக்கினால், காய்ந்த பின் நடு புடைத்துக்கொண்டு நிற்கும்.

டெக் மேல் செயற்கைப் புல் விரிப்பு போட்டிருந்தால் முதலில் அதை எடுங்கள். வடியவும் உலரவும் விடாமல் அது எல்லாச் சந்தையும் மூடிவிடுகிறது. பூந்தொட்டிகளுக்கு அடியில் சிறு கால்கள் வையுங்கள்.

சந்து இருக்கிறது, தண்ணீர் இறங்கவில்லை

புட்டி கத்தியை விட்டுப் பாருங்கள். சட்டத்தின் மேல் வரும் இடங்களில் மண்ணும் இலையும் இறுகிப்போய்க் கிடக்கும். வேப்பம்பூவும் புங்கம்பூவும் உதிரும் வாரங்களில் 3 மி.மீ. சந்து இரண்டே நாளில் அடையும். மரத்தடி டெக்குக்கு 6 மி.மீ. விடுங்கள், உதிர்வது கீழே விழுந்துவிடும். புளிய இலை எந்தச் சந்திலும் இறங்கிவிடும், ஆனால் அடியில் குவியும். மாதம் ஒருமுறை புட்டி கத்தியாலோ பழைய ஹாக்ஸா பிளேடாலோ கீறி எடுங்கள். அழுத்தத் தண்ணீர்க் குழாயைச் சந்துக்குப் பக்கத்தில் பிடித்தால் மண் இன்னும் ஆழமாக இறுகும், மென்மையான மரத்தில் நாரும் கிளம்பும்.

நுனிகள் சேரும் இடத்தில் பிளவு

50 மி.மீ. அகலச் சட்டம் ஒன்றின் மேலேயே இரண்டு பலகை நுனிகளும் உட்கார்ந்திருக்கும். ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது 24 மி.மீ., ஸ்குரூ நுனியிலிருந்து 12 மி.மீ.யில் இறங்குகிறது. மரம் பிளக்காமல் என்ன செய்யும். பக்கத்தில் இன்னொரு சட்டத்தை, நடுவே 8, 10 மி.மீ. விட்டு, சேர்த்துப் பூட்டுங்கள். ஒவ்வொரு நுனிக்கும் சொந்தச் சட்டம் கிடைக்கும், நடுவில் தண்ணீரும் இறங்கும். மர நுனிகளுக்கு இடையே 2, 3 மி.மீ. போதும், அது நீள்வதற்காக இல்லை, நுனி உலர்வதற்காக. பிளவு சிறியது என்றால் பழைய ஸ்குரூவை எடுத்து, நுனியிலிருந்து 30 மி.மீ. தள்ளிப் புதிதாகப் போடுங்கள். 5 மி.மீ. ஸ்குரூவுக்குத் தேக்கில் 3.5 முதல் 4 மி.மீ. துளை முன்கூட்டியே வேண்டும். 25 மி.மீ. பலகைக்கு 60, 65 மி.மீ. நீள ஸ்குரூ. கடலோரம் என்றால் எஸ்.எஸ். 316, கடலிலிருந்து தள்ளிய ஊர்களில் 304. இரும்பு ஸ்குரூ போட்டால் தேக்கில் துளையைச் சுற்றிக் கறுப்புக் கறை படரும். கறையை ஆக்ஸாலிக் அமிலக் கரைசல் எடுக்கும், கையுறை போட்டுத் தடவி நன்றாகக் கழுவிவிட வேண்டும். ஆனால் அந்த ஸ்குரூவை மாற்றாதவரை கறை திரும்பத் திரும்ப வரும்.

அடியில் தண்ணீர் தேங்கி கொசு வருகிறது

மேலே எல்லாச் சந்தும் சரியாக இருக்கும், மாலையில் பலகைக்கு அடியிலிருந்து கொசு கிளம்பும். வடிகால் துளையை இலை அடைத்திருக்கிறது, அதன் மேல் பலகையை நிரந்தரமாகப் பூட்டியிருக்கிறார்கள். டெங்கு பரப்பும் கொசுவுக்குத் தெளிந்து நிற்கும் கொஞ்சம் தண்ணீரே போதும். ஒவ்வொரு வடிகால் துளைக்கும் மேலே 600-க்கு 600 மி.மீ. அளவில் கழற்றக்கூடிய தட்டு ஒன்று செய்யுங்கள். அந்த இடத்தில் பலகைகளை அறுத்து, அடியில் இரண்டு ரீப்பர் போட்டு ஒன்றாகச் சேர்த்து, சுற்றிலும் மற்ற இடத்தில் இருக்கும் அதே 5 மி.மீ. சந்தை விடுங்கள். தட்டின் நான்கு விளிம்புக்கும் அடியில் சட்டம் தாங்க வேண்டும். தூக்குவதற்கு நடுச்சந்தில் இரண்டு விரல் நுழைகிற நீளத் துளை ஒன்று. அதை மழைக்கு முன் ஒருமுறை, மழை நடுவில் மாதம் ஒருமுறை திறந்து, கையால் இலையை அள்ளி எடுத்துவிட்டு, ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி ஓடுகிறதா என்று பாருங்கள்.